படச்சுருள் நகர்த்தும் நெம்புகோல்

படச்சுருள் நகர்த்தும் நெம்புகோல் என்பது படச்சுருளைப் பயன்படுத்தும் ஒளிப்படக்கருவிகளில், ஒரு படம் எடுத்தபின் சுருளின் அடுத்த பகுதியை வில்லைக்கு நேரே கொண்டுவரப் பயன்படும் கைப்பிடி ஆகும். பெரும்பாலும் கருவியின் மேற்புறத்தில் வலப்பக்கம் அமைந்திருக்கும் இதனை வலக்கைப் பெருவிரலால் தள்ளி இயக்குவர். பழைய கருவிகளில் இது அசையாமல் இறுகிக்கொள்வது பரவலாகக் காணப்படும் சிக்கல். ஆனால் இறுகிய நெம்புகோல் எப்போதும் பழுதைக் குறிப்பதில்லை.

செயற்பாடு

35 மி.மீ. படச்சுருளில் ஒரு படத்தின் வழக்கமான அளவு 24 × 36 மி.மீ. ஆகும். நெம்புகோலை ஒருமுறை முழுதாகத் தள்ளும்போது, உள்ளிருக்கும் பல்லுருளை ஓரத்துளைகளைப் பற்றி எட்டுத் துளைகள் அளவுக்கு, அதாவது 38 மி.மீ., சுருளை நகர்த்துகிறது. அதே அசைவில் மூடுதிரையின் (ஷட்டர்) பொறிமுறையும் முறுக்கேறுகிறது. பின்னர் ஒரு பூட்டு விழுந்து, மூடுதிரை இயங்கும்வரை நெம்புகோலைத் தடுத்து வைக்கும். ஒரே இடத்தில் இரு படங்கள் பதியாமலிருக்கவே இவ்வேற்பாடு. ஆகவே நெம்புகோல் தொடக்கத்திலேயே அசைய மறுத்தால், முறுக்கேறிய மூடுதிரை இன்னும் விடுபடவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

மின்கலமும் இறுக்கமும்

1976இல் வெளிவந்த சப்பானியக் கருவியான கேனன் ஏஇ-1 இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. நுண்செயலி பொருத்தப்பட்ட முதல் எஸ்.எல்.ஆர். கருவி இதுவே. இதன் மூடுதிரையை விடுவிப்பது மின்காந்தம். மின்கலம் தீர்ந்துவிட்டால் பொத்தானை அழுத்தினாலும் திரை இயங்காது, பூட்டும் விலகாது, நெம்புகோலும் நகராது. கருவியே பாழாகிவிட்டதாக எண்ணி அதனை ஒதுக்கி வைப்போர் உண்டு. 6 வோல்ட்டு 4எல்ஆர்44 வகை மின்கலம் ஒன்றைப் புதிதாக இட்டாலே பல கருவிகள் உயிர்பெறுகின்றன. மின்கல அறையின் தொடுமுனைகளில் படிந்த பச்சை நிறப் படிவையும் துடைத்தெடுக்க வேண்டும். எந்திரமுறை மூடுதிரை கொண்ட பென்டாக்சு கே1000 போன்றவற்றில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே பயன்படுவதால் இச்சிக்கல் எழுவதில்லை.

புதிய மின்கலம் இட்டும் பயனில்லையெனில் வில்லையைக் கழற்றி உள்ளே பார்க்கலாம். ஆடி பாதிவழியிலோ மேலேயோ நின்றிருந்தால், உள்ளே உயவு நெய் கெட்டிப்பட்டிருக்கலாம். அல்லது மின்காந்தத்தில் அழுக்குப் படிந்திருக்கலாம். இது பழுதுபார்ப்பவரிடம் விடவேண்டிய வேலை.

சுருளின் முடிவு

நெம்புகோல் பாதித் தள்ளலில் நின்றுவிட்டால், முதலில் படஎண்ணியைப் பார்க்கவேண்டும். எண் 24 அல்லது 36ஐ ஒட்டியிருந்தால் சுருள் முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். அங்கே வலிந்து தள்ளினால் ஓரத்துளைகள் கிழியும். சில வேளைகளில் சுருளின் முனை அதன் உறையிலிருந்து பிய்ந்து வந்துவிடும். மாறாக, கருவியின் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி, இடப்பக்கக் கைப்பிடியை அம்புக்குறியின் திசையில் சுற்றிச் சுருளை உறைக்குள் மீட்கவேண்டும்.

சுற்றும்போது தடையே தெரியாவிட்டால் சுருள் பிய்ந்திருக்கக்கூடும். அந்நிலையில் பின்கதவை வெளிச்சத்தில் திறப்பது, அதுவரை எடுத்த படங்களை இழப்பதற்கு ஒப்பாகும். முழு இருட்டறையிலோ, ஒளிபுகாத இருட்டுப் பையினுள் கைகளை நுழைத்தோ சுருளை எடுத்து, ஒளி புகாத டப்பாவில் மூடவேண்டும். வண்ணச்சுருளும் இன்றைய கருப்பு வெள்ளைச் சுருள்களுள் பெரும்பாலானவையும் சிவப்பு விளக்கின் ஒளியையும் பதிவு செய்துவிடும் என்பதால், அவ்விளக்கும் உதவாது.

சுருள் முடியும் தறுவாயில் இல்லாதபோதும் நெம்புகோல் பாதியில் நின்றால், சுருளை மீட்டெடுத்தபின் வெறுங்கருவியில் அதனை இயக்கிப் பார்க்கலாம். அப்போது இலகுவாக நகர்ந்தால் குறை சுருளிலோ அதனை ஏற்றிய விதத்திலோ இருக்கிறது. அப்போதும் நின்றால் பற்சக்கரங்களில் இருக்கிறது. நெம்புகோலின் இடுக்கில் எண்ணெய் விடும் பழக்கம் தீங்கானது. எண்ணெய் உள்ளே பரவி, ஏஇ-1 போன்ற கருவிகளின் துணியாலான மூடுதிரையை அடைந்தால், முன்பு இல்லாத பழுது ஒன்று புதிதாகத் தோன்றும்.