கண்காட்சிகளில் நுட்பத் திருட்டு

வணிகக் கண்காட்சியில் கடை விரிப்போருக்கு இருவகைத் திருட்டு அச்சம் உண்டு. ஒன்று பொருள் களவு போவது. மற்றொன்று அப்பொருளின் நுட்பம் களவு போவது. முதலாவதற்குப் பூட்டும் காவலும் போதும். இரண்டாவதற்குச் சட்டம் தேவைப்பட்டது.

1851-இல் இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த பெரும் கண்காட்சிக்கு ஏறத்தாழ 60 இலட்சம் பேர் வந்தனர். அங்கே கோகினூர் வைரம் கூண்டுக்குள் வைத்துக் காட்டப்பட்டது. புதிய இயந்திரத்தை அவ்வாறு பூட்டி வைக்க இயலாது. இயக்கிக் காட்டினால்தான் வாங்குவோர் நம்புவர். பார்த்துச் சென்றவர் அதைப் போலவே செய்துவிடலாம். மேலும், காப்புரிமைக்கு முன் பொதுவில் காட்டிய பொருள் புதுமை இழந்ததாகவும் கருதப்படலாம். எனவே காட்சிப் பொருள்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தைப் பிரித்தானிய நாடாளுமன்றம் அதே ஆண்டில் இயற்றியது.

1873-இல் வியன்னா உலகக் கண்காட்சி நடந்தது. போதிய பாதுகாப்பு இல்லை எனக் கருதி வெளிநாட்டுக் கண்டுபிடிப்பாளர் பலர் பங்கேற்கத் தயங்கினர். ஆஸ்திரியா-ஹங்கேரி அரசு அவர்களுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. காப்புரிமை பற்றிய பன்னாட்டு மாநாடும் அங்கு கூடியது. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1883-இல் பாரிஸ் உடன்படிக்கை உருவானது. அதன் 11-ஆம் பிரிவு, பன்னாட்டுக் கண்காட்சிப் பொருள்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்கிறது.

இந்தியா 1998-இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின்படி, நடுவண் அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் காட்டிய கண்டுபிடிப்புக்கு 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால், அது புதுமை இழந்ததாகாது. மற்றக் கண்காட்சிகளுக்கு இச்சலுகை பொருந்தாது. ஆகவே முதலில் விண்ணப்பித்து, பிறகு காட்சிக்கு வைப்பதே பாதுகாப்பான வழியாகும்.