கொட்டிலுக்குள் வராத திருச்சி

1990 ஜூனில் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டபிறகு வன்னியில் மின்சாரம் இல்லாமல் போனது. பற்றரியும் தடைசெய்த பொருள்களில் ஒன்று. நான் மாமாவின் கடையில் றேடியோ திருத்தப் பழகிய காலம் அது. திருத்துவது என்றால் பெரும்பாலும் சைக்கிள் டைனமோவோடு இணைத்துக் கொடுப்பதுதான். டைனமோ தருவது 6 வோல்ற் ஆடலோட்டம். நாலு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் வைத்து நேரோட்டமாக்குவோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, வீடே குந்தியிருந்து செய்தி கேட்கும். சுற்றுகிறவரின் கை சோர்ந்தால் வாசிப்பவரின் குரலும் சோர்ந்துவிடும். வெரித்தாஸ் வானொலியையும் பிபிசி தமிழோசையையும் இந்தியாவின் திருச்சி வானொலியையும் அப்படித்தான் கேட்டோம்.

1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்துச் சனம் கிளிநொச்சிப் பக்கம் வந்து கொட்டில் போட்டது. ஒரு அம்மா றேடியோவோடு வந்தார். "தம்பி, முத்தத்தில வச்சாத் திருச்சி நல்லாப் பிடிக்குது. உள்ளுக்குக் கொண்டுபோனாச் செத்துப்போகுது." கழற்றிப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. மாமா கேட்டது ஒன்றுதான்: "சுவர் என்ன, அம்மா?" கூரையும் தகரம், நாலு பக்கமும் தகரம்.

பின்னேரமே போனோம். எரிந்த மோட்டரில் உரித்த செப்புக் கம்பியைப் பாலை மரத்தில் கட்டினோம். மறுமுனையைத் தகரத்தில் முட்டாமல் இறப்பர்க் குழாய் வழியே உள்ளே இழுத்து, பெட்டியைச் சுற்றி ஆறேழு சுற்று. திருச்சி பேசியது.

வானொலி அலை பட்டதும் உலோகத்தில் உள்ள இலத்திரன்கள் அசைந்து அதைத் திருப்பிவிடுகின்றன. மைக்கல் பரடே 1836இல் உலோகத் தகடு ஒட்டிய அறை ஒன்றைக் கட்டிக் காட்டியது இந்த மறைப்பைத்தான். தகட்டின் தடிப்பு இங்கே பெரிய விசயமில்லை, திறப்புத்தான் விசயம். திருச்சியின் 936 கிலோஹேர்ட்சுக்கு அலைநீளம் 320 மீற்றர். கொட்டில் வாசல் அதற்கு ஊசித் துளை. பண்பலைக்கு 3 மீற்றர்தான், அதனால் அதே வாசலால் கொஞ்சமாவது நுழைந்துவிடும்.

வன்னியில் கொக்காவிலில் இருந்த பழைய ஒலிபரப்பு நிலையம் 1990 சண்டையோடு அழிந்தது. 2011 ஜூனில் அதே இடத்தில் 174 மீற்றர்க் கோபுரம் திறந்தார்கள். அந்தக் கோபுரத்தின் அலைக்குப் பயந்து, தொப்பிக்குள் சொக்கலேற் ஈயத்தாள் ஒட்டிய ஒரு பொடியனைத் தாய் போனமாதம் என்னிடம் கூட்டிவந்தார். பிள்ளையின் பயத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. தொப்பிக்கு அடிப்பக்கம் இல்லையே என்றேன். கைபேசி அலை 900 மெகாஹேர்ட்சில் 33 சென்ரிமீற்றர், 1800இல் 17. முகத்துப் பக்கத்தாலும் பிடரியாலும் தாராளமாக ஏறிவிடும். 2005இல் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்கள் இத்தகைய தொப்பிகளை அளந்தபோது, பல அலைவரிசைகள் சற்றுக் குறைந்தன, 1.2, 2.6 கிகாஹேர்ட்ஸ் அளவில் உள்ளே கூடியும் இருந்தன.

என் கைபேசியை ஈயத்தாளில் நீக்கல் விடாமல் சுற்றி அவன் கையில் கொடுத்தேன். தாய் அழைத்தார்; மணி அடிக்கவில்லை. அவனே ஒரு பக்கத்தை மெல்ல விரித்தான். அடித்தது. மூடினான், திரும்ப விரித்தான். பிறகு தொப்பியைக் கழற்றி, தலை நுழையும் வாயைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.