மின்விசை, காந்தவிசை: அம்பத்தூர் முதல் ஆவடி வரை

தொடாமலே இழுக்கவும் தள்ளவும் வல்ல இரு விசைகள். இரண்டும் தனித்தனியே வேலை செய்வதைச் சென்னையின் மேற்குப் புறநகரில் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் பார்க்கலாம். பவுடர் கோட்டிங் துப்பாக்கியின் முனையில் பல்லாயிரம் வோல்ட். அங்கே மின்னூட்டம் பெற்ற தூள், எர்த் கொடுத்த பாகத்தைத் தேடிப்போய் ஒட்டும். குழாயின் பின்புறத்தையும் விடாது. இரும்போ அலுமினியமோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். கிரைண்டிங் மெஷினில் உள்ள மேக்னட்டிக் சக் அப்படியல்ல. எஃகை இறுகப் பிடிக்கும். பித்தளையை வைத்தால், சாணைக்கல் பட்டதும் தூக்கி எறியும். வேலை முடிந்த எஃகிலும் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும். அதைப் போக்கத் தனியாக டீமேக்னடைசர் வேண்டும்.

தேய்த்த அம்பரின் ஈர்ப்பு வேறு, காந்தக்கல்லின் ஈர்ப்பு வேறு என்று 1600இல் பிரித்துக் காட்டியவர் கில்பர்ட். 1780களில் கூலும் தம் முறுக்குத் தராசால் அளந்தபோது, இரண்டும் தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவது தெரிந்தது. கணக்கு ஒன்று, குணம் வேறு. நேர், எதிர் மின்னூட்டங்களைப் பிரித்து வைக்கலாம். காந்தத்தை எத்தனை துண்டாக்கினாலும் ஒவ்வொன்றிலும் வடக்கும் தெற்கும் இருக்கும். ஒற்றைக் காந்தமுனை இன்றுவரை சிக்கவில்லை.

1820இல் மின்னோட்டம் திசைகாட்டி முள்ளைத் திருப்புவதை எர்ஸ்டெட் கண்டார். அதே ஆண்டில் ஆம்பியர் காட்டியது இன்னும் விநோதம்: ஒத்த மின்னூட்டங்கள் விலகும், ஒரே திசையில் ஓடும் மின்னோட்டங்களோ ஒன்றையொன்று ஈர்க்கும். நிற்கும் மின்னூட்டத்தையும் மின்விசை தள்ளும். காந்தவிசை ஓடுவதை மட்டுமே தொடும். அதுவும் பக்கவாட்டில் திருப்புமே தவிர, வேகத்தைக் கூட்டாது. இரண்டையும் ஒரே கோட்பாட்டில் அடக்கிய மேக்ஸ்வெல்லின் கட்டுரை 1865இல் வெளியானது.

அந்த உறவு தினமும் ஓடுவது ஆவடி வழித்தடத்தில். சென்ட்ரல்–திருவள்ளூர்ப் பாதை மின்மயமானது 1979இல். ஆவடி கார் ஷெட்டிலிருந்து புறப்படும் யூனிட், மேல்கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுமின்சாரத்தை எடுக்கிறது. மோட்டார்ச் சுருளில் மின்னோட்டத்தைச் செலுத்துவது மின்விசை. அச்சைச் சுழற்றுவது காந்தவிசை. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மரோ, மாறும் காந்தப்புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்ற பாரடேயின் 1831 கண்டுபிடிப்பில் இயங்குவது. நேர்மின்சாரத்தில் அது எடுபடாது. 1931இல் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில்தான் ஓடியது. 1960களில் அதுவும் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது.