ஹார்ட் டிஸ்க் கணினியில் தெரியவில்லையா? 'ஃபார்மேட்' செய்ய அவசரப்படாதீர்!

திருமணப் படங்கள், தோட்டத்து ஆலயத் திருவிழாக் காணொளிகள் எனப் பல குடும்பங்களின் நினைவுகள் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அதைக் கணினியில் இணைத்தும் தெரியவில்லை என்றால், எல்லாம் அழிந்துவிட்டதாகப் பொருளில்லை.

முதலில் யுஎஸ்பி கேபிளை மாற்றிப் பாருங்கள். மேசைக் கணினி என்றால் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். ஹப் வழியாகப் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து, விண்டோஸ் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' பகுதியைத் திறக்கவும். அங்கு டிஸ்க் தெரிந்து, 'இ', 'எஃப்' போன்ற எழுத்து மட்டும் இல்லையென்றால், வலது கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' வழியாக ஓர் எழுத்தைக் கொடுங்கள். இதனால் கோப்புகள் அழியாது.

'ரா' அல்லது 'அன்அலோகேட்டட்' எனக் காட்டினால் கவனம் தேவை. 'ஃபார்மேட்' செய்யவா, 'இனிஷியலைஸ்' செய்யவா என்று கணினி கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். அதில் புதிதாக எதையும் பதிவு செய்தால், கோப்புகளை மீட்கும் வாய்ப்பு குறையும்.

'டக் டக்' என்ற சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். திரும்பத் திரும்பச் செருகுவது சேதத்தைக் கூட்டும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போது, "உள்ளே இருப்பவை வேண்டும், ஃபார்மேட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீட்டதும் மறவாமல் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து வையுங்கள்.