நெற்றியால் சுமந்த நாகரிகம்

சில ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஒரு வினா எழுப்பினார்: "மனிதன் மாட்டையும் குதிரையையும் பழக்காமலே இருந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும், ஐயா?"

"காடாகவே கிடந்திருக்கும்" என்று சட்டென விடையிறுத்தேன். ஏர் இல்லை, வண்டி இல்லை, பாலும் இல்லை. பின் நகரம் ஏது, அரசு ஏது என்பது என் எண்ணம். பின்னர் மெக்ஸிகோ நாட்டின் பழைய வரலாற்றைப் பயின்றபோது என் விடை தவறு என உணர்ந்தேன். அம்மாணவர் கற்பனை செய்த உலகம் ஏறத்தாழ மெய்யாகவே அங்கு இருந்தது.

குதிரையினம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். ஆயினும் ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன்பு அது அந்நிலத்தில் அடியோடு அற்றுப்போயிற்று. மெக்ஸிகோ மக்கள் நாயையும் வான்கோழியையும் வளர்த்தனர். ஏரிழுக்கவோ பொதி சுமக்கவோ வல்ல விலங்கு ஒன்றும் அவர்களிடம் இல்லை.

எனினும், மாணவ நண்பர்களே, அஸ்டெக் மக்கள் 1325ஆம் ஆண்டளவில் டெஸ்கோகோ ஏரியின் நடுவே அமைத்த டெனோச்டிட்லான் நகரைப் பாருங்கள்! 1519இல் அங்கு வந்த ஸ்பானியர் அதன் அகன்ற பாதைகளையும், உயர்ந்த கோயில்களையும், பெருஞ்சந்தையையும் கண்டு திகைத்து நின்றனர். ஏரிச் சேற்றை வாரி மேடாக்கி, அதில் தோட்டம் அமைத்து, கோலால் மண்ணைக் கிளறி மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் விளைத்தனர் அம்மக்கள். விளைந்தவை படகேறி நகரை அடைந்தன.

ஏரியைத் தாண்டிய நிலத்தில் படகு செல்லுமா? அங்கே மனிதன் நடந்தான். 'தமேமே' எனப்பட்ட சுமைகாரர், நெற்றியில் ஒரு பட்டையை மாட்டி, முதுகில் ஏறத்தாழ 23 கிலோ பாரத்தைத் தாங்கி மலைவழிகளில் சென்றனர். சக்கரம் அந்நாட்டார் அறியாததன்று. சக்கரம் பூட்டிய சிறு மண் உருவங்கள் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஆனால் வண்டியை இழுக்க விலங்கு வேண்டுமன்றோ?

1519இல் கோர்ட்டெஸ் குதிரைகளுடன் வந்திறங்கினான். 1520இல் பெரியம்மை பரவி எண்ணற்றோரை மாய்த்தது. 1521 ஆகஸ்டு 13ஆம் நாள் நகரம் வீழ்ந்தது. பின்னர் மாடும் கழுதையும் கோவேறு கழுதையும் கடல் கடந்து வந்தன. இனியேனும் சுமைகாரன் நிமிர்ந்திருப்பான் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. புதிய எசமானர்கள் அவன் முதுகிலேயே மேலும் பாரம் ஏற்றினர். அதனைக் கட்டுப்படுத்த ஸ்பெயின் அரசு ஆணை மேல் ஆணை பிறப்பித்தும் அவ்வழக்கம் எளிதில் ஒழியவில்லை. விலங்கு வந்துவிட்டால் மட்டும் மனிதனின் பாரம் இறங்கிவிடாது; இறக்கி வைக்கும் மனமும் வேண்டும்.

இன்று அம்மாணவர் மீண்டும் கேட்பாராயின், நாகரிகம் தோன்றியிராது என்று சொல்ல மாட்டேன். "தோன்றியது, தம்பி, கோயிலும் சந்தையும் எழுந்தன. அவற்றின் கல்லையும் தானியத்தையும் சுமந்த நெற்றிகள் யாருடையவை என்பதை மட்டும் மறவாதே" என்பேன். மன்னர் பெயர்களை ஏடுகள் காத்துள்ளன. அந்தச் சுமைகாரர்களுள் ஒருவர் பெயரேனும் நமக்குத் தெரியுமா?