பழுதுக் குறியீடு: தனிமொழி பொதுமொழியான வரலாறு

1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் பழுதைக் கண்டறிய ஒரு பேப்பர் கிளிப் போதுமானதாக இருந்தது. டாஷ்போர்டின் அடியில் இருந்த இணைப்பியின் இரு முனைகளை அதனால் இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், எச்சரிக்கை விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, மீண்டும் இரு சிமிட்டல்கள்: அது 12. கணினி பதில் சொல்லும் நிலையில் இருக்கிறது என்பது அதன் பொருள். தொடர்ந்து வரும் எண்களே பழுதுகளின் பெயர்கள்.

ஆனால் அவை ஒரு நிறுவனத்தின் வழக்கு மட்டுமே. பிற நிறுவனங்களின் இணைப்பிகள் வேறு, எண்கள் வேறு. 1988 மாடல் ஆண்டு முதல் கலிபோர்னியா உள்ளமைந்த பழுதறி அமைப்பைக் கட்டாயமாக்கியபோதும் இந்நிலை மாறவில்லை.

திருப்பம் சட்டத்தின் வழியே வந்தது. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 1990ஆம் ஆண்டுத் திருத்தம், புகைக் கட்டுப்பாடு சார்ந்த பழுதுத் தகவலைப் பெற உற்பத்தியாளரிடம் மட்டுமே கிடைக்கும் கருவி தேவைப்படக் கூடாது என்றது. 1996 மாடல் ஆண்டு முதல் அந்நாட்டில் விற்பனையான கார்கள் அனைத்திலும் ஒரே வடிவிலான 16 முனை இணைப்பி இடம்பெற்றது.

குறியீடுகளுக்கும் பொது இலக்கணம் அமைந்தது. பி0301 என்பதில் 'பி' எஞ்சின், கியர் பகுதியைச் சுட்டும்; 0 அனைவருக்கும் பொதுவான குறியீடு என்பதை உணர்த்தும்; 3 எரியூட்டல் சார்ந்தது; 01 முதல் சிலிண்டர். இரண்டாம் இடத்தில் 1 வந்தால் பெரும்பாலும் அது நிறுவனத்தின் சொந்த வழக்கு.

இந்தப் பொதுமொழியே வீட்டில் வாசிப்பான் செய்வதை எளிதாக்கியது. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எல்ம்327 சில்லு, காரின் மின்குறிகளைக் கணினி படிக்கக்கூடிய எழுத்துகளாக மாற்றித் தந்தது. அதனுடன் சில உதிரிபாகங்களைச் சேர்த்தால் வாசிப்பான் தயார். '03' என்று கேட்டால், '43' என்று தொடங்கும் விடையில் சேமிக்கப்பட்ட குறியீடுகள் வரும்.

எனினும் குறியீடு ஒரு சாட்சியம், தீர்ப்பு அன்று. பி0301 முதல் சிலிண்டரில் எரிதல் தவறியதைச் சொல்லும். காரணம் ஸ்பார்க் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று சொல்லாது. அதை மெக்கானிக்கின் அனுபவமே கண்டறிய வேண்டும்.

1990ஆம் ஆண்டுத் திருத்தம் திறந்ததும் புகை சார்ந்த கதவை மட்டுமே. மற்றக் கதவுகளுக்காக மாசசூசெட்ஸ் வாக்காளர்கள் 2012இல் பழுதுநீக்கும் உரிமைக்குப் பெரும்பான்மையாக வாக்களித்தனர். ஒரு பொருளை வாங்கியவருக்கு அதன் மொழியும் உரியதா என்பதே அன்று வாக்கெடுப்புக்கு வந்த கேள்வி.