மாறியதை மட்டும் எழுதி வை

தரம் 10, 11இல் ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

வட்ஸ்அப்பில் ஒரு நிமிட வீடியோ அனுப்புகிறோம். ஏராளமான படங்கள் சேர்ந்ததுதான் அது. அத்தனையும் எப்படி ஒரு சிறிய கோப்புக்குள் அடங்குகின்றன? 1980களின் வீட்டுக் கணினிகளைப் பார்த்தால் இது இலகுவாக விளங்கும்.

1985இல் கொமடோர் நிறுவனம் அமிகா 1000 கணினியை வெளியிட்டது. அதன் நினைவகம் 256 கிலோபைட், கூட்டினால் 512. ஒரு ப்ளொப்பியின் கொள்ளளவு 880 கிலோபைட். அடுத்த ஆண்டு எரிக் கிரஹாம் என்பவர் அந்தக் கணினியில் 'ஜக்ளர்' என்ற அசையும் படத்தைச் செய்தார். உருண்டைகளால் ஆன ஒரு மனிதன், கண்ணாடிபோல் பளபளக்கும் மூன்று பந்துகளை எறிந்து எறிந்து பிடிக்கிறான். மொத்தம் 24 படங்கள், திரும்பத் திரும்ப ஓடும். ஒரு படத்தைக் கணித்து வரைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுத்தது. எனவே முதலிலேயே வரைந்து சேமித்து வைத்து, பிறகுதான் ஓட்டிக்காட்ட முடியும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அகலம் 320 புள்ளி, உயரம் 200 புள்ளி, ஒரு புள்ளிக்கு 6 பிட். ஒரு படத்துக்கு 48,000 பைட். 24 படங்களுக்கு 11,52,000 பைட். நினைவகமும் கொள்ளாது, ப்ளொப்பியும் கொள்ளாது.

அதற்கு வழி, முதல் படத்தை முழுதாக வைத்துவிட்டு, அடுத்தடுத்த படங்களில் மாறிய இடங்களை மட்டும் குறித்து வைப்பது. ஓட்டும்போதும் அந்த இடங்களை மட்டும் திருத்தினால் போதும். அதனால் மெதுவான கணினியிலும் படம் தடங்காமல் ஓடும்.

ஹிப்ழ் மதரஸாப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒன்றையொன்று ஒத்த ஆயத்துகள் வரும்போது, வேறுபடும் சொல்லைத்தானே தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள்!

கட்டம் போட்ட கொப்பியில் நீங்களே செய்து பாருங்கள். 10க்கு 10, மொத்தம் 100 கட்டம். அதை நமது வாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் நான்கு கட்டங்களுக்கு நிறம் தீட்டினால் அது தோணி. தோணி ஒரு கட்டம் முன்னே போனால் எத்தனை கட்டங்கள் மாறும்? இரண்டுதான். பின்னால் ஒன்று தண்ணீராகும், முன்னால் ஒன்று தோணியாகும். 100 எழுத வேண்டிய இடத்தில் 2. ஆனால் காற்றடித்து வாவி முழுவதும் அலை எழும்பினால்? எல்லாக் கட்டங்களும் மாறும், மிச்சம் ஒன்றுமில்லை. இந்த முறையின் எல்லையும் அதுதான்.

இந்த எண்ணம் அமிகாவோடு பிறந்ததல்ல. தொலைக்காட்சிப் பொறியியலாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால் வீட்டு மேசைக்கு அதைக் கொண்டுவந்தவை இத்தகைய கணினிகள். 'அனிம்' என்ற கோப்பு வடிவம் வந்தது. 1989இல் 'டீலக்ஸ் பெயின்ட் 3' வந்தபோது சாதாரண ஆட்களும் அசையும் படம் வரையத் தொடங்கினார்கள். அனிம் கோப்புகளைச் சுருக்கும் முறைகளில் ஒன்றை எழுதியவர் ஜிம் கென்ட். பின்னாளில், 2000ஆம் ஆண்டில், மனித மரபணுத் தொகுதியின் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் நிரலை எழுதியவரும் அவரே. சின்னக் கணினியில் பழகிய கை வீண்போகவில்லை.

அந்த ஆண்டுகளில் நமது வாவிக்கரை ஊர்களில் யுத்தம். நம்மில் பெரும்பாலானோர் வீட்டுக் கணினி என்ற கட்டத்தைக் காணாமலே நேராகக் கைபேசிக்கு வந்துவிட்டோம். அதனால் நமது பிள்ளைகள் பார்க்கிறார்கள், அனுப்புகிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பது குறைவு.

இன்றைய வீடியோவில் இன்னும் பல நுட்பங்கள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடித்தளம் இதுதான். சிக்னல் குறையும்போது படம் கட்டம் கட்டமாகக் கலங்குகிறதே, அது ஏன்? முந்திய படத்தின் ஒரு பகுதி வந்து சேரவில்லை. அதன்மேல் மாற்றங்கள் மட்டும் வந்து விழுகின்றன.

லேப்பில் கணினி பழசு, பழுது என்று பாடத்தை ஒத்திப்போட வேண்டாம். ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். இன்றிரவு பிள்ளையோடு உட்கார்ந்து அந்தத் தோணியை ஐந்து கட்டம் நகர்த்திப் பாருங்கள். எத்தனை மாற்றங்கள் வந்தன என்று கொமென்டில் எழுதச் சொல்லுங்கள்.